இரண்டு கிலோவுக்குள் ஒரு எடிட் சூட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நடுநிலையான விமர்சனம் வேண்டும் என்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். மதுரையில் சின்னதாக ஒரு வெட்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். பகலெல்லாம் கல்யாண வீடியோ எடிட்டிங், வீடு அடங்கிய பிறகு கேம். இந்த இரண்டு பிழைப்புக்கும் இத்தனை வருடமாக இரண்டு தனித்தனி கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். இப்போது ஒன்றுதான். அசுஸ் ஆர்ஓஜி செஃபிரஸ் ஜி16, 2024-ஆம் வருட மாடல். இன்டெல் கோர் அல்ட்ரா 9 185எச், ஆர்டிஎக்ஸ் 4080, 32 ஜிபி ரேம்.

பார்த்தால் கேமிங் லேப்டாப் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். அலுமினியத்தைக் கடைந்து செய்த மெல்லிய உடம்பு. மூடியின் குறுக்கே சாய்வாக ஒரு விளக்குக் கோடு. அதையும் நான் அணைத்தே வைத்திருக்கிறேன். இதே வேகத்தைத் தரும் பழைய பாணி மெஷின்கள் மூன்று கிலோவை நெருங்கும், கூடவே செங்கல் மாதிரி ஒரு அடாப்டர். இது இரண்டு கிலோவுக்குக் கீழே. கேமரா பையில் லென்ஸ்களுக்குப் பின்னால் இருக்கிற அறையில் நழுவி உட்கார்ந்துவிடுகிறது. கேமரா, கிம்பல், லைட் என்று ஏற்கெனவே தோளில் தொங்குகிறவனுக்கு அந்த ஒரு கிலோ என்னவென்று தெரியும்.

திரையைப் பற்றி மட்டுமே எழுதி முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

காஞ்சிப் பட்டின் அரக்குச் சிவப்பு எடிட்டர்களை அழவைக்கிற நிறம். சாதாரண லேப்டாப் திரைகள் எஸ்ஆர்ஜிபி என்கிற வண்ண எல்லைக்குள் நிற்பவை. விலை குறைந்தவை அந்த எல்லையைக்கூட முழுதாகத் தொடாது. எல்லைக்கு வெளியே இருக்கிற சிவப்பெல்லாம் அங்கே ஒரே சிவப்பாகத் தட்டையாகிவிடும். கூரைப்புடவையில் மடிப்பு எங்கே, நிழல் எங்கே என்று தெரியாது. எடிட்டர் கொஞ்சம் குறைப்பார், புடவை செங்கல் நிறமாகும். கொஞ்சம் கூட்டுவார், மணப்பெண்ணின் கன்னம் தக்காளி ஆகும். ஜி16-இல் இருப்பது 2560க்கு 1600 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி திரை, டிசிஐ-பி3 எல்லையை முழுதாகக் காட்டுவது. எஸ்ஆர்ஜிபியைவிட அது ஏறத்தாழ கால் பங்கு பெரிய எல்லை. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு சிவப்பிலும் பச்சையிலும்தான் கிடைக்கிறது. நம்ம ஊர்க் கல்யாணத்தில் வேறென்ன நிறம் இருக்கிறது சொல்லுங்கள்? அரக்கு, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை, மயில்கழுத்து, மாலையில் சம்பங்கியும் ரோஜாவும். பழைய ஃபுட்டேஜ் ஒன்றை எடுத்து இதில் ஓட்டியபோது, நானே எடுத்த புடவையில் நான் பார்த்தேயிராத நூல் வேலை தெரிந்தது. உதவியாளர் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது நாம எடுத்ததுதானா?" என்றான்.

இதில் ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது. ஐபோன்கள் 2016-இல் வந்த ஐபோன் 7 முதலே பி3 நிறத்தைக் காட்டுகின்றன. இன்று நல்ல ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் அப்படித்தான். மணப்பெண் தன் கல்யாணப் படங்களை முதலில் பார்ப்பது போனில்தான். என் திரையில் நான் ஒப்புக்கொண்ட சிவப்பும் அவர் போனில் தெரிகிற சிவப்பும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. "போட்டோல புடவை கலர் வேற மாதிரி இருக்கே அண்ணா" என்கிற போன்கால் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆல்பம் அச்சடிக்கிற லேப்காரர்கள் எஸ்ஆர்ஜிபிதான் கேட்பார்கள். அதற்குத் திரையை அந்த முறைக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால் போதும்.

அப்புறம் கறுப்பு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது; கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். மண்டபத்தில் விளக்கைக் குறைத்துவிட்டு ஆரத்தி எடுக்கிற காட்சி ஒன்று எல்லாக் கல்யாணத்திலும் இருக்குமே, அதை இதில் பார்க்க வேண்டும். சுடரைச் சுற்றி சாம்பல் படலம் கிடையாது. சுடர், அதற்கு அப்பால் இருட்டு, நடுவில் அம்மாவின் மூக்குத்தி. நான் கிரேடிங்கை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கடைக்காரர் சொல்லமாட்டார், விளம்பரத்திலும் வராது. இதற்காகவே இதே வரிசையின் சின்ன மாடலான ஜி14-ஐ விட்டு ஜி16-ஐ எடுத்தேன்.

எங்கள் கேமரா சோனி ஏ7எஸ் 3. அதில் 4கே 50பி, 10 பிட், 4:2:2 என்று எச்.265 முறையில் பதிவு செய்கிறோம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்து விளக்குகள் துடிக்காமல் இருக்க 50பி வசதி. வேண்டிய இடத்தில் ஸ்லோமோஷனும் கிடைக்கும். 10 பிட் 4:2:2 என்றால் நிறத் தகவல் கூடுதல். ஹோமப் புகையை எவ்வளவு இழுத்தாலும் பட்டை பட்டையாக உடையாது. எல்லாம் சரி, இந்தக் கோப்பை ஓட்டுவதுதான் பாடு. எச்.265 நெருக்கிச் சுருட்டிய கோப்பு. அதை விரிக்கத் தனி வன்பொருள் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளில் வீடியோ விரிக்கும் பகுதி உண்டு, ஆனால் அதற்கு 4:2:2 கோப்பை விரிக்கத் தெரியாது. 4:2:2 வந்தால் வேலை பிராசசர் தலையில் விழும். டைம்லைன் தத்தித் தத்தி நடக்கும், ஃபேன் அலறும். எத்தனை லட்சம் கொடுத்து எவ்வளவு பெரிய 40 வரிசைக் கார்டு வாங்கினாலும் இந்த ஒரு இடத்தில் அது கைவிரித்துவிடும்.

இன்டெல் பிராசசருக்குள் இருக்கிற குயிக் சிங்க் என்ற பகுதிக்கு இந்த 4:2:2 எச்.265 கைவந்த வேலை. 2024 ஜி14-இல் ஏஎம்டி பிராசசர், அதில் இது இல்லை. ஜி16-இல் உண்டு. டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோவில் இரண்டையும் இயக்கிவிட்டால் கோப்பை இன்டெல் விரிக்கிறது. நிறம், நாய்ஸ் ரிடக்‌ஷன், மாஸ்க் எல்லாவற்றையும் என்விடியா பார்த்துக்கொள்கிறது. ப்ராக்ஸி போடாமல், ஒரிஜினல் கோப்பையே டைம்லைனில் வைத்து முன்னும் பின்னும் இழுக்கிறேன், கையோடு வருகிறது. பல வருடமாக ராத்திரி முழுக்க ப்ராக்ஸி ஓடவிட்டுத் தூங்கப்போன ஒருவனுக்கு இது என்ன விடுதலை என்று எடிட்டர்களுக்குப் புரியும். மற்றவர்கள் என்னை நம்புங்கள்.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2-ஐத் தானே விரிக்கிறது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

இந்த மெஷினை நான் கொண்டாடுவது மண்டபத்தில்தான். காலையில் முகூர்த்தம், மாலையில் ரிசப்ஷன், ரிசப்ஷனில் எல்இடி வாலில் காலை நடந்த தாலி கட்டு ஓடவேண்டும். சேம் டே எடிட் என்பார்கள். பணம் நல்ல பணம், ஆனால் உயிர் போகும். மணமகன் அறைக்குப் பக்கத்தில், பந்திப் பாத்திரங்கள் அடுக்கிய ஓர் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கும். அங்கேதான் வேலை. ஜி16-இல் முழு அளவு எஸ்டி கார்டுத் துளை இருக்கிறது, யூஎச்எஸ்-2 வேகத்தில். ரீடர், டாங்கிள் எதுவும் தேட வேண்டாம். நல்ல 128 ஜிபி கார்டு ஒன்று பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. உள்ளே எஸ்எஸ்டிக்கு இரண்டு இடம் உண்டு; ஒன்றில் விண்டோஸ், மற்றதில் அன்றைய கல்யாணம். எந்தப் பையில் எந்த ஹார்டு டிஸ்க் என்ற தேடலே போய்விட்டது.

கட் பண்ணுவது கெட்டிமேளத்துக்கு. அங்கே ஸ்பீக்கர் வேலை செய்கிறது. ஆறு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், கீழ்ஒலிக்கென்று தனியாகவும் இருக்கின்றன. லேப்டாப் ஸ்பீக்கரில் தவில் என்றால் வலந்தலையின் "டக டக" மட்டும்தான் கேட்கும், தொப்பிப் பக்கம் செத்திருக்கும். இதில் தொப்பியும் கேட்கிறது. தாலி முடிச்சு விழுகிற ஃபிரேமை நாதஸ்வரம் ஏறுகிற இடத்தோடு பொருத்த ஹெட்போன் தேடவில்லை. சமையல்காரர் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்று, "என்ன தம்பி, டிவியா கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

மண்டப விளக்கு மோசமாக இருக்கும் இடங்களில் படம் முழுக்கப் பொரி பொரியாக இருக்கும். ரிசால்வின் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதைத் துடைக்கும், பதிலுக்குக் கிராஃபிக்ஸ் மெமரியைத் தின்னும். 8 ஜிபி கார்டில் "ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது" என்ற அறிவிப்பு வந்தால் எடிட்டருக்கு அன்றைய நாள் முடிந்தது. 4080-க்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் பாதி அதன் 12 ஜிபிக்காகத்தான்.

இப்போது வாட் கணக்கு. கேம் ஆடுகிறவர்கள் கவனிக்கவும். லேப்டாப் 4080 என்பதும் டெஸ்க்டாப் 4080 என்பதும் பெயரில் மட்டும்தான் ஒன்று. டெஸ்க்டாப் கார்டில் 9728 கூடா கோர், 16 ஜிபி மெமரி, 320 வாட். லேப்டாப்பில் 7424 கோர், 12 ஜிபி. அதிலும் தடித்த லேப்டாப்கள் அதை 175 வாட் வரை ஓட்டும். ஜி16 போல மெலிந்தது 115 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். கேட்டால் ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் இந்தச் சிப்புகளுக்கு ஒரு குணம் உண்டு. முதல் நூறு வாட்டில்தான் வேகத்தின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகத்தான் அதிகம் வெளியே வருகிறது. ஐம்பது சதவீதம் கூடுதல் மின்சாரத்துக்கு ஐம்பது சதவீதம் கூடுதல் வேகம் கிடைக்காது, அதன் பக்கத்தில்கூட வராது. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து ஒரு கிலோ எடையையும் பாதி இரைச்சலையும் தவிர்த்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பேரம் இரட்டைச் சம்மதம்.

ராத்திரிக் கதைக்கு வருவோம். சைபர்பங்க் 2077-இல் 2023-இல் பாத் டிரேசிங் என்றொரு முறை சேர்த்தார்கள். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போட்டு வரைவது. மழை நனைந்த நைட் சிட்டித் தெருவில், நியான் பலகையின் இளஞ்சிவப்பு தண்ணீர்க் குட்டையில் விழுந்து, அங்கிருந்து தாண்டிப் போகிறவரின் தோல் கோட்டில் ஏறுகிறது. கல்யாணத்தில் லைட் வைத்தே வயிறு வளர்க்கிறவன் நான். துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நடக்கிறேன், மிஷன் கிடக்கட்டும். டிஎல்எஸ்எஸ் உதவியோடு, நடுநடுவே ஏஐ வரைகிற ஃபிரேம்களையும் சேர்த்து, அந்த முறையிலும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏஐ வரைகிற ஃபிரேம் கண்ணுக்கு மட்டும்தான் வேகம் கூட்டும், கையின் வேகத்தைக் கூட்டாது. கதை விளையாட்டுக்கு அது போதும்.

ஆலன் வேக் 2-ஐ இந்தத் திரையில் விளக்கணைத்துவிட்டு ஆடிப்பாருங்கள். காட்டுக்குள் டார்ச் வெளிச்சம் தொடாத இடம் உண்மையிலேயே கறுப்பு. நான் பாதியில் எழுந்து டியூப்லைட்டைப் போட்டேன், அவ்வளவுதான் சொல்வேன்.

இந்தத் திரையின் 240 ஹெர்ட்ஸ் வேகம் எல்லா விளையாட்டுக்கும் உதவாது. எல்டன் ரிங் 60-க்கு மேல் ஏறாது, விளையாட்டே அப்படிப் பூட்டியிருக்கிறது. 240 வேண்டியது வாலரண்ட் மாதிரி ஆட்டங்களுக்கு. அக்கா மகன் வந்தால் மெஷின் அவன் கைக்குப் போய்விடும். "மாமா, மூலையில எட்டிப் பார்க்குறது இவ்வளவு தெளிவா தெரியுது!" என்று கத்துவான். எனக்கு வித்தியாசம் தெரிகிறதா என்றால், மவுஸை வேகமாகச் சுழற்றும்போது தெரிகிறது. என் வயசுக்கு அதனால் ஆட்டம் ஒன்றும் மேம்படவில்லை. வெண்பா என்று ஒரு விளையாட்டு, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை, 2023-இல் வந்தது, அடுத்த வருடமே அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. அதற்கு இவ்வளவு பெரிய மெஷின் தேவையே இல்லை. இருந்தும் ஆடினேன். இட்லித் தட்டில் ஆவி ஏறுவதைப் பார்க்கவும், பழைய படப்பாட்டுச் சாயலில் வருகிற ரேடியோ பாட்டுகளை இந்த ஸ்பீக்கரில் கேட்கவும்.

சூடு? மதுரையில் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் வைத்தே பார்த்தேன். பெஞ்ச்மார்க்கை ஒருமுறை ஓட்டி எண் சொல்வதில் அர்த்தமில்லை. மெல்லிய லேப்டாப் எல்லாமே முதல் சில நிமிடம் பறக்கும், பிறகு சூடேறித் தளரும். நீண்ட எக்ஸ்போர்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிட வேகத்தைப் பார்ப்பேன். இது கொஞ்சம் இறங்கி, ஒரு மட்டத்தில் நின்று, அங்கேயே ஓடியது. விசைப்பலகைக்கு மேல் பகுதி கை வைக்க முடியாதபடி சுடும். கை வைக்கிற இடம் சுடவில்லை. டர்போ முறையில் ஃபேன் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும், சைலன்ட் முறையில் எழுத்து வேலை செய்தால் சீலிங் ஃபேன்தான் கேட்கும். நான் பெரும்பாலும் நடு முறையில் வைத்திருக்கிறேன்.

பேட்டரி 90 வாட் அவர். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோக எல்லை 100 என்பதால் எந்த லேப்டாப்பும் இதற்கு மேல் அதிகம் போகமுடியாது. சாதாரண வேலைக்கு அரை நாளை ஓட்டலாம். பேட்டரியில் கேம் ஆடலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். அடாப்டர் 240 வாட். அந்த வேகத்தில் இழுத்தால் 90 வாட் அவர் பேட்டரி அரை மணி தாங்காது என்பது எளிய கணக்கு. அதனால் வயரைப் பிடுங்கியதும் மெஷினே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஒரு இடத்தில் மேக்புக் புரோவின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே வேகம். எடிட்டிங் மட்டுமே பிழைப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். ராத்திரி நைட் சிட்டிக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் வரட்டும். வெளியூர் மீட்டிங்குக்குப் போகும்போது நான் பெரிய அடாப்டரைத் தொடுவதே இல்லை, 100 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்று போதும்.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. 16 ஜிபி மாடலை எடிட்டிங்குக்கு நினைக்கவே வேண்டாம். திரை பளபளப்பானது, தலைக்கு மேல் டியூப்லைட் இருந்தால் அதுவும் படத்தில் நடிக்கும். உச்ச வெளிச்சம் 500 நிட்ஸ் என்பதால் நல்ல வெயிலில் மினி எல்இடி திரைகள்தான் ஜெயிக்கும். ஆனால் அவற்றில் விளக்குச் சுடரைச் சுற்றி ஒளி கசியும். ஓஎல்இடியில் அசையாத படம் நாள் முழுக்க நின்றால் தடம் பதிய வாய்ப்புண்டு, அதனால் டாஸ்க்பார் ஒளிந்திருக்கும்படியும் சும்மா விட்டால் திரை அணையும்படியும் வைத்திருக்கிறேன். நம்பர் பேட் கிடையாது, அந்த இடத்தை ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டது. கணக்கு எழுதுகிறவர்கள் வருந்தலாம், நான் வருந்தவில்லை.

நான் வாங்கியபோது 4080 உள்ள மாடலின் விலை இரண்டு லட்சத்தை நன்றாகவே தாண்டியது. ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோக்காரர்கள் தொழில் பெயரில் பில் போடச் சொல்லுங்கள். லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம், அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடிந்தால் பாரம் தெரியாது. டெஸ்க்டாப் ஒன்று, கலர் பார்க்கத் தனி மானிட்டர் ஒன்று, மண்டபத்துக்கு ஒரு லேப்டாப் என்று முன்பு நான் போட்ட பணத்தைக் கூட்டினால் இதைவிட அதிகம்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் கேமராவில் எடுத்த ஒரு கல்யாணக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். அந்த அரக்குப் புடவையைத் திரையில் போடச் சொல்லுங்கள், 4:2:2 கோப்பை ஓட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எடிட்டிங்கும் கேமும் ஒரே பையில் வேண்டுமென்றால் என் ஓட்டு ஜி16-க்கே; 32 ஜிபி ரேமோடு வாங்குங்கள்.